கோழியைப் பார்த்தீர்கள், நரியைப் பார்த்தீர்களா?

தமிழ் நாளிதழ்களிலும் வார, மாத இதழ்களிலும் புத்தகப் பக்கத்தை நடத்தும் ஆசிரியர்களுக்கும், அந்தப் பக்கத்தில் சிறார் நூல்களுக்கு மதிப்புரை எழுதும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

நான் பொது நூலகத் துறையில் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போதும் சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்துக்குப் போய்க் குழந்தைகளுக்குப் புத்தகம் படித்துக் காட்டுகிறேன். உங்கள் பக்கத்தைப் பல ஆண்டுகள் கையில் கத்தரிக்கோலோடு படித்திருக்கிறேன். வந்த மதிப்புரைகளை வெட்டி நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது என் வழக்கம். பெரியவர்களுக்கான நூல் என்றால் அந்தத் துண்டுக்குப் பலன் இருக்கும். ஒரு நாவலைப் பற்றி நீங்கள் எழுதிய நான்கு பத்திகளைப் படித்துவிட்டு, அதே நாவலைக் கேட்டு என் மேசைக்கு வருவார்கள். சிலர் மதிப்புரையாளரோடு சண்டை பிடிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடே எடுத்துப் போவார்கள், அதுவும் நல்லதுதான். சிறார் நூல் மதிப்புரையை ஒட்டினால் அப்படி யாரும் வருவதில்லை. அதைப் படித்துவிட்டு வந்து கேட்பதற்கு அதில் ஒன்றும் இருப்பதில்லை என்பது என் கட்சி. அந்தக் கட்சியைத்தான் இங்கே வாதிடப் போகிறேன்.

சிறார் நூல் மதிப்புரை எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். ‘இன்றைய குழந்தைகள் கைப்பேசியில் மூழ்கிக் கிடக்கும் சூழலில்’ என்று தொடங்கும். இரண்டாம் பத்தியில் கதை முழுவதும் வந்துவிடும், முடிவும் சேர்த்து. மூன்றாம் பத்தியில் நூல் புகட்டும் நற்பண்புகள் வரிசையாக நிற்கும். கடைசியில் ‘ஓவியங்கள் அருமை; ஒவ்வொரு பெற்றோரும் வாங்கித் தர வேண்டிய நூல்’ என்று முடியும். தலைப்பையும் விலையையும் மாற்றினால் இதே மதிப்புரை அடுத்த வாரம் வேறொரு நூலுக்குப் பொருந்தும். அதுவும் நவம்பர் 14ஐ ஒட்டியோ, ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டியோதான் வரும். மற்ற மாதங்களில் சிறார் நூல்களுக்குக் கிடைப்பது ‘நூல் வரவு’ பட்டியலில் ஒரு வரி: தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பக்கம், விலை.

இதை யாருக்காக எழுதுகிறீர்கள்? எழுத்தாளருக்காக என்றால் பிரச்சினை இல்லை. அவர் வெட்டிப் பத்திரப்படுத்திக்கொள்வார். ஆனால் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நூலகத்துக்கோ புத்தகக் கடைக்கோ வருபவர் வேறு ஆள். அவர் பெரும்பாலும் இலக்கிய வாசகர் இல்லை. மில்லில் ஷிப்டு முடித்துவிட்டு வரும் அம்மா, கூரியர் ஓட்டும் அப்பா, பேத்தியை விடுமுறைக்கு வரவழைத்திருக்கும் தாத்தா. அவர்கள் என் மேசைக்கு முன்னால் நின்று கேட்ட கேள்விகள் இப்படி இருந்தன: ‘ரெண்டாம் வகுப்புப் படிக்கிறாள் சார், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், இதைத் தானாகப் படிப்பாளா, நான் படித்துக் காட்ட வேண்டுமா?’ ‘பயப்படும்படி ஏதாவது வருமா? ராத்திரியில் தூங்க மாட்டான்.’ ‘இதில் வரும் நாய் கடைசியில் செத்துப்போகிறதா?’ ‘இருபத்து நாலு பக்கத்துக்கு இவ்வளவு விலையா? ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவாளே!’

இவை எதற்கும் உங்கள் மதிப்புரைகளில் பதில் கிடையாது. கடைசிக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் முடிவது உண்மைதான். ஆனால் நல்ல படநூலை ஒரு குழந்தை ஒருமுறை படித்துவிட்டு வைப்பதில்லை. படுக்கும் நேரமெல்லாம் அதையே கொண்டுவந்து மடியில் போடும். எந்த நூல் அப்படித் திரும்பத் திரும்பத் தாங்கும், எது இரண்டாம் நாளே சலித்துவிடும் என்பதுதான் ஐம்பதோ நூறோ கொடுத்து வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது. ஒரு குழந்தையோடு உட்கார்ந்து பலமுறை உரக்கப் படித்துப் பார்த்தவரால் மட்டுமே அதைச் சொல்ல முடியும். மதிப்புரை மேசையில் வைத்துக் கண்ணால் ஒருமுறை ஓட்டியவரால் முடியாது.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலக அறிவியல் விதிகள் ஐந்தில் இரண்டு, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூலையும் ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகரையும் சேர்த்துவைக்கச் சொல்கின்றன. எங்கள் தொழிலில் நுழைந்தவர்கள் எல்லோரும் மனப்பாடம் செய்த விதிகள் அவை. சிறார் பிரிவில் அவற்றை நடைமுறைப்படுத்துவது எவ்வளவு கடினம் என்பது தேர்வு எழுதிய பிறகுதான் தெரியும். நூறு பிள்ளைகள், நூறு விதமான படிப்புத்திறன். இங்கே நூலகருக்குத் துணையாக நிற்க வேண்டியது மதிப்புரை.

படநூல் என்பது தனி வடிவம் என்பதையே நம் மதிப்புரையாளர்களில் பலர் இன்னும் ஏற்கவில்லை என்று சந்தேகப்படுகிறேன். படம் போட்ட கதைப் புத்தகம் வேறு, படநூல் வேறு. முதலாவதில் படங்களை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும். இரண்டாவதில் பாதிக் கதை படத்தில் இருக்கிறது. சில சமயம் முக்கால் கதையும்.

இங்கிலாந்தைச் சேர்ந்த பேட் ஹட்சின்ஸ் 1968இல் எழுதி வரைந்த ‘ரோசீஸ் வாக்’ என்ற படநூலை உதாரணமாகச் சொல்கிறேன். நூல் முழுவதற்கும் ஒரே வாக்கியம்தான். ரோசி என்ற கோழி பண்ணை முற்றத்தைக் கடந்து, குளத்தைச் சுற்றி, வைக்கோல் குவியலில் ஏறி இறங்கி, மாவு ஆலையைத் தாண்டி, வேலிக்குள் புகுந்து, தேனீப் பெட்டிகளுக்கு அடியில் நுழைந்து, சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்து சேர்கிறது. எழுத்தில் இருப்பது இவ்வளவே. படத்தில் முதலிலிருந்தே ஒரு நரி கோழியின் பின்னால் வருகிறது. பாயும்போதெல்லாம் அதற்கு ஏதோ ஒன்று நேர்கிறது: குப்பை வாரியின் பல்லை மிதித்து முகத்தில் அடி வாங்குகிறது, குளத்தில் விழுகிறது, மாவு மூட்டை தலையில் கொட்டுகிறது, கடைசியில் தேனீக்கள் துரத்துகின்றன. கோழி ஒருமுறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. ‘நரி’ என்ற சொல் நூலில் எங்குமே இல்லை.

இந்த நூல் நம் புத்தகப் பக்கத்துக்கு மதிப்புரைக்கு வந்திருந்தால் என்ன எழுதியிருப்போம்? ‘கோழி ஒன்று நடந்து சென்று வீடு திரும்புகிறது. நடைப்பயிற்சியின் நன்மையைப் பிஞ்சு உள்ளங்களில் பதிய வைக்கும் நூல். ஓவியங்கள் அருமை.’

நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. பெரியவர்கள் எழுத்தைப் பார்க்கிறார்கள், கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தை படத்தைப் பார்க்கிறது. படிக்கத் தெரிந்தவர் என்பதாலேயே மதிப்புரையாளருக்குப் பாதி நூல் தெரியாமல் போகிறது. இதற்கு ஓர் எளிய வழி உண்டு. வீட்டில் வேறு யாரையாவது படிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் படத்தை மட்டும் பாருங்கள். எங்கள் நூலகத்தில் ஒரு படநூல் இருக்கிறது. கதைக்குத் தொடர்பே இல்லாமல் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் ஓர் எறும்பு போய்க்கொண்டிருக்கும். சனிக்கிழமைப் பிள்ளைகளுக்கு அந்த நூலில் வரும் அரசனும் வேண்டாம், அவன் குதிரையும் வேண்டாம். எறும்பு எங்கே என்பதுதான் கேள்வி. கடைசிப் பக்கத்தில் எறும்பைக் காணோம். அதைப் பற்றி அவர்களுக்குள் பெரிய வழக்கே நடந்தது. ஓவியர் மறந்துவிட்டார் என்று ஒரு கட்சி, எறும்பு புற்றுக்குள் போய்விட்டது என்று இன்னொரு கட்சி. இதைவிட நல்ல மதிப்புரை அந்த நூலுக்கு எந்த இதழிலும் வந்திருக்காது.

ஓவியரின் பெயரைச் சொல்லாமல் படநூலுக்கு மதிப்புரை எழுதும் பழக்கத்தைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. தமிழ் வாசகன் ஓவியர் பெயர் அறியாதவன் இல்லை. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் பொன்னியின் செல்வன் வந்தபோது, வந்தியத்தேவனுக்கு முகம் கொடுத்தவர் மணியம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கோபுலு, சில்பி என்று கையெழுத்தைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். கி.ராஜநாராயணனின் கரிசல் எழுத்தோடு ஆதிமூலத்தின் கோடுகளைச் சேர்த்தே நினைவு வைத்திருக்கிறோம். அம்புலிமாமாவில் வேதாளத்தைத் தோளில் சுமந்து, வாளை உருவிப் பிடித்துக்கொண்டு மயானத்தில் நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்த சங்கர் 2020இல் காலமானபோது எத்தனை நரைத்த தலைகள் வருந்தின! அப்படிப்பட்ட ஊரில் இன்று ஒரு படநூலின் பாதி ஆசிரியரான ஓவியர், உள் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறார். நீங்களும் அவரைத் தேடுவதில்லை. பக்கத்தில் அட்டைப்படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் போடுகிறீர்கள். உள்ளே இருக்கும் ஒரு விரிப்பையாவது, அதாவது எதிரெதிரே விரியும் இரண்டு பக்கங்களையாவது, பார்க்கும்படியாக அச்சிடக் கூடாதா?

சென்னையின் தாரா பதிப்பகம் மத்திய இந்தியாவின் கோண்டு பழங்குடி ஓவியர்களை வைத்து, கையால் திரை அச்சில் அச்சிட்டு வெளியிட்ட மரங்களைப் பற்றிய நூல் 2008இல் இத்தாலியின் போலோனியா சிறார் புத்தகக் காட்சியில் பரிசு பெற்றது. நம் ஊரில் அச்சான படநூலை உலகம் பக்கம் பக்கமாகப் பிரித்துப் பேசுகிறது. நாம் ‘அருமை’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அருமை என்பதும் பல நேரம் உண்மை இல்லை. பெண் மயிலுக்குத் தோகை வைத்த படங்கள் வருகின்றன. நம் ஊர்க் குரங்குக்கு உடம்பின் நீளத்துக்கு வால் உண்டு. பல நூல்களில் அது வாலில்லாத சிம்பன்சியாக உட்கார்ந்திருக்கிறது. தஞ்சாவூர்க் கிராமத்துக் கதையில் புகைபோக்கி வைத்த வீடும் சிவப்பு வண்ணத் தானியக் கொட்டகையும் நிற்கின்றன, எங்கோ இணையத்தில் இலவசமாகக் கிடைத்த படம் என்பதால். இப்போது கணினியே வரைந்து தரும் படங்களும் நுழைந்துவிட்டன. முதல் பக்கத்தில் இரட்டைப் பின்னல் போட்டிருந்த சிறுமிக்கு மூன்றாம் பக்கத்தில் குட்டை முடி. பிள்ளைகள் இதை உடனே பிடித்துவிடுவார்கள். ‘இது வேற பாப்பா’ என்பார்கள். அம்மா எந்நேரமும் அடுப்படியில், அப்பா எந்நேரமும் நாற்காலியில் நாளிதழோடு. கதாநாயகக் குழந்தை மட்டும் எப்போதும் சிவப்பு நிறம், வில்லன் கறுப்பு. இதையெல்லாம் சுட்டிக்காட்ட வேண்டியது மதிப்புரையாளர் இல்லாமல் வேறு யார்?

அடுத்தது அச்சும் மொழியும். இதில் தமிழுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு, அவற்றைத் தமிழ் மதிப்புரையாளர்தான் சொல்ல முடியும். ‘ஓடிக்கொண்டிருந்தபோது’ என்பது நமக்கு ஒரு சொல். எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஏழு வயதுக் குழந்தை அதன் பாதியில் தொடக்கத்தை மறந்துவிடும். அந்தச் சொல் வரியின் ஓரத்தில் உடைந்து ‘ஓடிக்கொண்டிருந்’ மேலேயும் ‘தபோது’ கீழேயும் நின்றால், அந்தப் பக்கத்தோடு குழந்தை எழுந்து போய்விடும். இரு மொழியில் ஒரே பக்கத்தில் அச்சிடும்போது தமிழுக்கு ஆங்கிலத்தைவிட இடம் கூடுதலாக வேண்டும். வடிவமைப்பாளர் தமிழ் எழுத்தைச் சுருக்கிவிடுகிறார். கருநீல வானத்தின் மேல் கறுப்பு எழுத்தை ஓட்டிய நூல்களும் என் கையில் வந்திருக்கின்றன. எழுத்து எந்த அளவு, ஒரு பக்கத்தில் எத்தனை வரி, உடைந்த சொற்கள் உண்டா என்று ஒரு வாக்கியம் எழுதினால் போதும். ஆசிரியர்களும் பெற்றோரும் உங்களை வாழ்த்துவார்கள்.

உரையாடல் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது இன்னொன்று. ‘நீ எங்கே போகிறாய்?’ என்று ஆட்டுக்குட்டி கேட்டால், உரக்கப் படிக்கும் அம்மா தானாகவே அதைப் பேச்சாக மாற்றிப் படிக்கிறாள். எழுத்தில் பேச்சு வழக்கே இருந்தால், அது எந்த ஊர்ப் பேச்சு என்ற கேள்வி வருகிறது. சென்னைப் பேச்சு நாகர்கோவில் குழந்தைக்கு அந்நியம். தானாகப் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கோ பேச்சு வழக்கின் எழுத்துக்கூட்டல் பாடப்புத்தகத்தில் பார்த்திராதது. இரண்டில் எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. படித்துக் காட்டும் நூலுக்குப் பேச்சு வழக்கும் தானாகப் படிக்கும் நூலுக்கு எழுத்து வழக்கும் ஒத்துவருகின்றன என்பது என் அனுபவம், மறுப்பவர்கள் இருக்கலாம். அந்த மறுப்பும் விவாதமும் உங்கள் பக்கத்தில் நடக்க வேண்டும் என்பதே நான் கேட்பது.

வயதுக்கு வருவோம். ‘3 முதல் 12 வயது வரை அனைவரும் படிக்கலாம்’ என்று ஒரு மதிப்புரையில் படித்தேன். மூன்று வயதுக் குழந்தை புத்தகத்தின் மூலையைக் கடிக்கும். பன்னிரண்டு வயதுப் பெண் அந்த மூன்று வயதுத் தம்பியின் நூலைத் தொடவே வெட்கப்படுவாள். பள்ளிக் கல்வித் துறை வாசிப்பு இயக்கத்தைத் தொடங்கியபோது நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்தது. சிறார் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்திலும் கதைகள் நான்கு நிலைகளாக இருக்கின்றன. அரசுப் பள்ளி ஆசிரியர் இதைக் கையாளும்போது இலக்கியப் பக்கத்துக்கு ஏன் முடியவில்லை? வயதை வேலியாக்கச் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்புப் பையன் ‘நுழை’ நூலை எடுத்தால் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் வாங்குபவருக்கு ஒரு குறிப்பு வேண்டும்.

சிறார் நாவல் விஷயத்தில் குறை வேறு மாதிரி. அங்கே மதிப்புரையாளர் அதிகம் பேசிவிடுகிறார். குகைக்குள் கிடைத்த பெட்டியில் என்ன இருந்தது என்பதை மூன்றாவது வரியில் சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை நூற்றுப் பத்துப் பக்கத்தை எதற்காகப் படிக்க வேண்டும்? பெரியவர்களின் துப்பறியும் நாவலுக்கு இப்படிச் செய்யத் துணிவீர்களா? வாண்டுமாமா காலத்திலிருந்து சிறுவர்கள் சாகச நாவலை எதற்காக எடுக்கிறார்களோ, அதையே பறித்துவிடுகிறோம்.

சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதும் நாவலில்தான். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமியின் பால புரஸ்கார் விருது பெற்றது. குழந்தைகள் மீதான பாலியல் துன்புறுத்தலைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி பேசும் கதை அது. இப்படிப்பட்ட ஒரு நூலை ‘விழிப்புணர்வூட்டும் நூல்’ என்று மூடி மறைத்து எழுதினால் யாருக்கு என்ன பயன்? எதைப் பற்றிய நூல், எந்த வயதில் தரலாம், தனியாகப் படிக்க விடலாமா, கூட உட்கார்ந்து படிக்க வேண்டுமா, பிள்ளை என்ன கேள்வி கேட்கக்கூடும் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். அந்த நூலைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு அது எவ்வளவு பெரிய உதவி! அதேபோல் வரலாற்றைக் கதைக்குள் கொண்டுவரும் நாவல்கள் இப்போது நிறைய வருகின்றன. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியைக் கதைக்களமாக்கியது. 2023இல் அதே விருதைப் பெற்றது. இவ்வகை நாவலுக்கு மதிப்புரை எழுதுபவர் பார்க்க வேண்டியது, வரலாறு கதையாக மாறியிருக்கிறதா, இல்லை நடுவில் ஒரு தாத்தா வந்து பாடம் எடுக்கிறாரா என்பதை. நம் சிறார் நாவல்களில் வரும் தாத்தாக்கள் பொதுவாகப் பேச்சை நிறுத்துவதில்லை. நானே தாத்தாதான் என்பதால் சொல்ல உரிமை இருக்கிறது.

இந்த விருது 2010 முதல் தரப்படுகிறது. அறிவிப்பு வந்த மறுநாள் எழுத்தாளரின் படமும் வாழ்க்கைக் குறிப்பும் எல்லா நாளிதழிலும் வருகின்றன. மகிழ்ச்சி. நூலுக்குள் என்ன இருக்கிறது என்று அடுத்த வாரம் யாராவது எழுதினார்களா என்று தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

கருத்து என்ற பூதத்தைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாமல் விட முடியாது. ‘இக்கதை மூலம் குழந்தைகள் ஒற்றுமையின் வலிமையை அறிவர்’, ‘மரம் வளர்ப்பதன் அவசியத்தை உணர்வர்’. ஒரு நூலுக்கு இப்படிப் பயன் சொல்லாவிட்டால் அது வீண் என்ற பயம் நம்மைப் பிடித்து ஆட்டுகிறது. பெரியவர்களின் நாவலைப் பற்றி எழுதும்போது, இதைப் படித்தால் வாசகர் வட்டிக்குக் கடன் வாங்குவதை நிறுத்துவார் என்று நீங்கள் எழுதுவதில்லை. ஆனால் குழந்தை எதைப் படித்தாலும் கையில் ஒரு நீதியோடுதான் வெளியே வர வேண்டும். இதன் விளைவு எங்கே தெரிகிறது என்றால், நீங்கள் இடையிடையே வெளியிடும் ‘குழந்தைகளின் மதிப்புரை’யில். ‘இந்த நூல் எனக்கு மிகவும் பிடித்தது. இதிலிருந்து நான் நேர்மையாக இருக்கக் கற்றுக்கொண்டேன்.’ அது குழந்தையின் குரல் இல்லை, பக்கத்தில் நின்ற ஆசிரியரின் குரல். குழந்தைக்குப் பேனாவைத் தருவதைவிட, அது படிக்கும்போது எங்கே சிரித்தது, எங்கே கொட்டாவி விட்டது, எந்தப் பக்கத்தைப் புரட்ட விடாமல் கையை வைத்துத் தடுத்தது என்று மதிப்புரையாளர் குறித்துக்கொண்டால் அதில் உண்மை இருக்கும்.

இப்போது நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். தமிழில் சிறார் நூல்கள் வருவதே அபூர்வம். பதிப்பாளர் கைக்காசைப் போட்டு வண்ணத்தில் அச்சிடுகிறார். எழுத்தாளர் பகலில் பள்ளிக்கூடத்திலோ வங்கியிலோ வேலை பார்த்துவிட்டு இரவில் எழுதுகிறார். அவர்களைக் குறை சொல்லி எழுதினால் இந்த இளங்கன்று எழுந்து நிற்குமா?

இளங்கன்று என்பதே சரியில்லை. அழ. வள்ளியப்பா குழந்தை எழுத்தாளர் சங்கத்தை 1950இல் அமைத்தார். பெ. தூரன் குழந்தைகளுக்கென்றே பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தை 1968 முதல் 1976 வரை கொண்டுவந்தார். இத்தனை வயதான துறைக்குச் சலுகை எதற்கு? எல்லா நூலையும் பாராட்டினால், உண்மையில் உழைத்து ஒரு நல்ல படநூலைச் செய்தவர்தான் முதலில் நஷ்டப்படுகிறார். அவருடைய நூலும் இணையப் படங்களை ஒட்டி ஒரு வாரத்தில் தயாரான நூலும் உங்கள் பக்கத்தில் ஒரே சொற்களைப் பெறுகின்றன. வாங்குபவர் விலை குறைந்ததை எடுத்துக்கொள்கிறார். இதில் பொதுப்பணமும் இருக்கிறது. சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டத்தை 1948இல் கொண்டுவந்தது சென்னை மாகாணம். அதன் வழியாகச் சொத்து வரியோடு நூலக வரி கட்டும் ஒவ்வொருவரின் காசிலும்தான் கிளை நூலகங்களுக்கும் ஊர்ப்புற நூலகங்களுக்கும் நூல்கள் வருகின்றன. அந்த நூல்கள் எப்படிப்பட்டவை என்று வெளிப்படையாகப் பேச வேண்டாமா?

இன்னொரு சங்கடமும் உண்டு, சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. நம் சிறார் இலக்கிய உலகம் சிறியது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். நூலுக்கு அணிந்துரை எழுதியவரே, வெளியீட்டு விழாவில் முதல் பிரதி வாங்கியவரே, அடுத்த மாதம் மதிப்புரையும் எழுதுவதைப் பார்க்கிறேன். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மதிப்புரையைக் குழந்தையோடு நிற்கும் அந்த அம்மாவுக்கு நான் எப்படிப் பரிந்துரைப்பது?

மதிப்புரையாளர் தவறக்கூடும், உண்மைதான். அமெரிக்காவில் சிறார் நூல்களுக்குத் தொடர்ந்து மதிப்புரை எழுதும் வழக்கம் 1918 வாக்கில் ஆன் கரோல் மூர் என்ற நூலகரின் பத்தியிலிருந்து வலுப்பெற்றது. சிறார் நூல்களுக்கென்றே ‘ஹார்ன் புக்’ என்ற இதழ் 1924இல் பாஸ்டனில் தொடங்கியது. நியூயார்க் பொது நூலகத்தின் சிறார் பிரிவை ஆண்ட அந்த மூர் அம்மையாருக்குப் பிடிக்காத நூல் நூலக அலமாரிக்கு வருவது கடினம். 1947இல் வெளிவந்து, பின்னாளில் அமெரிக்கக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுத் தூங்கிய ‘குட்நைட் மூன்’ அந்த நூலகத்துக்குள் வந்தது 1972இல்தான். எங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவரே செய்த காரியம் அது. அதனால் நான் ஒரே ஒரு பெரிய நீதிபதியைக் கேட்கவில்லை. பலர் எழுத வேண்டும். ஒருவர் தூக்கிப்பிடித்ததை இன்னொருவர் காரணத்தோடு மறுக்க வேண்டும். மூர் தனக்குப் பிடிக்காததை மறைக்கவில்லை. அதனால்தான் அவரோடு பிறர் சண்டை போட முடிந்தது. ‘அருமை’யோடு யார் சண்டை போட முடியும்?

டாட்டா அறக்கட்டளையின் பராக் அமைப்பு 2020 முதல் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வந்த சிறார் நூல்களில் தேர்ந்தெடுத்தவற்றைப் பட்டியலாக வெளியிட்டுவருகிறது. தமிழில் அப்படி ஒரு பட்டியல் வரும்போது வரட்டும். அதுவரை காத்திருக்க அவசியமில்லை. உங்களிடம் பக்கம் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நானூறு சொற்கள், ஒரு விரிப்புப் படம், ஓவியர், மொழிபெயர்ப்பாளர் பெயர்கள் விடாமல். இதற்கு மேல் நான் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு நடைமுறை யோசனை. மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்ப வேண்டும் என்று உங்கள் இதழ்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருகின்றன. ஒன்று மதிப்புரையாளருக்கு, மற்றது அலுவலக அலமாரியில் இருக்கும் என்று நினைக்கிறேன். சிறார் நூல் என்றால் அந்த இரண்டாவது பிரதியை ஏதாவது ஒரு ஊர்ப்புற நூலகத்துக்கோ அரசு தொடக்கப் பள்ளிக்கோ மதிப்புரை எழுதும் முன்பே அனுப்பிவையுங்கள். பதினைந்து நாள் பிள்ளைகள் கையில் புழங்கட்டும். எந்தப் பக்கம் முதலில் கிழிந்தது, எதை வீட்டுக்கு எடுத்துப்போகச் சண்டை வந்தது, எது தொடப்படாமல் கிடந்தது என்று அங்கிருக்கும் நூலகரோ ஆசிரியரோ ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவார். மதிப்புரையாளர் அதை ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். ஆனால் படித்துவிட்டு எழுதட்டும். எங்கள் ஊர் நூலகத்தைத் தேர்ந்தெடுத்தால் சனிக்கிழமைக் குழுவின் சார்பில் அஞ்சலட்டைச் செலவு என்னுடையது.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கிளை நூலகர் ஒருவர்